பூட்டுப் போட்ட தண்ணீர் டிரம்

நல்லூர், சனிக்கிழமை மாலை

மகனே,

இதை நீ இப்போது படிக்க முடியாது. உனக்கு ஏழு மாதம்தான் ஆகிறது. உன் அம்மா சொல்வதைப் பார்த்தால், காகிதம் கையில் கிடைத்தால் தின்றுவிடுகிறாய். அதனால் வளர்ந்துவிட்ட உனக்கு எழுதுகிறேன். மீசை வைத்த, வேலைக்குப் போகிற, ஒருவேளை கல்யாணம் நிச்சயமாகியிருக்கிற உனக்கு. எனக்கு இன்று இருபத்தொன்பது வயது. நீ படிக்கும்போது உனக்கும் கிட்டத்தட்ட அதே வயது இருக்கும் என்பதால், அப்பா பிள்ளைக்குச் சொல்கிற தோரணை எனக்கு வரவில்லை. ஒரு மெக்கானிக் அடுத்த ஷிப்டு மெக்கானிக்குக்கு மிஷினைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவது போல எடுத்துக்கொள். எங்கே பழுது, யார் கெடுத்தது, என்ன செய்து பார்த்தாயிற்று, அவ்வளவுதான். இப்போதே எழுதக் காரணம், இன்னும் பத்து வருடம் போனால் இந்தக் கதையை எனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

நீ பிறந்ததிலிருந்து மொத்தம் ஐந்து நாள் உன்னோடு இருந்திருக்கிறேன். பிறந்தபோது இரண்டு நாள், ஞானஸ்நானத்துக்கு மூன்று நாள். மற்ற நாளெல்லாம் நீ உடன்குடிப் பக்கம் உன் தாத்தா வீட்டில் இருந்தாய். நான் இங்கே லைன் வீட்டில், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, இரண்டு நீல டிரம். நீயும் உன் அம்மாவும் இந்த வீட்டுக்குத் திரும்பி வருவீர்களா என்று பல நாட்கள் எனக்குத் தெரியாமலே இருந்தது. சண்டை எதுவும் இல்லை. உன் அம்மா சண்டை போடுகிற ஆள் இல்லை. காரணம் அந்த டிரம்கள்.

நாங்கள் கல்யாணம் முடிந்து இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு நிட்டிங் யூனிட்டில் மெக்கானிக் வேலை. பாலிடெக்னிக்கில் டெக்ஸ்டைல் படித்தவன். வட்டமாகச் சுற்றித் துணி பின்னுகிற மிஷின்களில் எந்த ஊசி உடைந்திருக்கிறது என்று துணியைப் பார்த்தே சொல்வேன். மிஷின் எனக்குப் பிடிக்கும். நூல் அறுந்தால் விளக்கு எரிந்து தானாக நிற்கும். மனிதர்கள் அப்படி நிற்பதில்லை என்பது எனக்கு எப்போதும் எரிச்சல். உன் அம்மா அதே தெருவில் ஒரு யூனிட்டில் செக்கிங் வேலைக்குப் போனாள். இங்கே போர் தண்ணீர் உப்பு. துவைக்கலாம், குளிக்கலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்கிற நல்ல தண்ணீர் குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவை வரும். எப்போது வரும் என்று நேரமும் கிடையாது. வருகிற நேரத்தில் வீட்டில் இருப்பவன் பிடித்துக்கொள்வான், ஷிப்டில் இருப்பவனுக்கு ஒன்றும் கிடையாது. ஆகவே நான் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு மூன்று குடம், பத்து நாளைக்கு முப்பது. சாயக் கம்பெனியில் கழித்துப்போட்ட இரண்டு டிரம் வாங்கி, ஏழு தடவை கழுவி, வெயிலில் காயவைத்து, சமையல்கட்டில் நிறுத்தினேன். இரண்டும் நிறைந்தால் பத்து நாள் ஓடும். சரியான டிசைன் என்று நினைத்தேன்.

டிசைனில் சேர்க்காத ஒரு விஷயம் உன் அம்மா. பக்கத்து அறையில் ஒரிசாக்காரர்கள் மூன்று பேர். அவர்களில் கைலாஷ் என்பவன் மட்டும் தமிழ் பேசுவான். அதுவும் இந்த ஊரில் வந்து படித்த தமிழ், எங்களைவிட மரியாதையான தமிழ். மூவருக்கும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. தண்ணீர் வருகிற நேரத்தில் இருக்க மாட்டார்கள். வேலை முடிந்து வந்து வாசலில் குடத்தோடு நிற்பான்: "ஏனுங்க்கா, ஒரு கொடம் மட்டும் இருக்குங்களா?" உன் அம்மா ஒரு குடம் கேட்டால் இரண்டு ஊற்றுவாள். கீழ்வீட்டுக் கிழவிக்கு ஒன்று, வழியில் நாக்கு வறண்டு வந்த கொரியர்காரனுக்குச் செம்பு செம்பாக. எட்டாம் நாள் டிரம் தரை தட்டும்.

நான் கத்துவேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள்.

"இருக்கதுல குடுக்கோம். தீந்தா ஆண்டவர் பாத்துக்கிடுவாரு."

"ஆண்டவர் அன்னன்னைக்குக் குடுப்பார். குழாய் பத்து நாளைக்கு ஒருக்காதான் குடுக்கும். ரெண்டுக்கும் டைமிங் ஒத்துப்போகாது."

"பொழுதன்னைக்கும் உங்களுக்குக் கணக்குதானா? இதுவரைக்கும் ஒரு நாளாவது தாகத்தோட படுத்திருக்கியளா?"

படுத்ததில்லை. எட்டாம் நாள் தீர்ந்தால் ஒன்பதாம் நாள் எங்கிருந்தோ தண்ணீர் வந்துவிடும். வீட்டுக்காரம்மா தோட்டத்திலிருந்து டெம்போவில் இரண்டு குடம் போட்டு அனுப்புவார். அல்லது உன் அம்மாவின் யூனிட்டில் யாராவது கொண்டுவருவார்கள். நான் இதையெல்லாம் தற்செயல் என்றேன். தற்செயலை நம்பி மிஷின் ஓட்டக் கூடாது என்றும் சொன்னேன். அவள் ஏழாம் மாதத்தை எட்டியபோது எனக்குப் பயம் அதிகமானது. உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு அவள் உப்புத் தண்ணீர் குடிக்கக் கூடாது. இந்தப் பயம் நியாயமானது, இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன். ஆனால் நான் செய்தது என்ன தெரியுமா? யூனிட் பட்டறையில் உட்கார்ந்து இரண்டு டிரம் மூடியிலும் துளை போட்டு, கொண்டி வைத்து, பூட்டுப் போட்டேன். தினமும் ஷிப்டுக்குப் போகும்முன் மூன்று குடம் எடுத்து வெளியே வைத்துவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவேன்.

முதல் நாள் உன் அம்மா அந்தப் பூட்டைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன, டிரம்முக்குத் தாலி கெட்டியிருக்கிய?" என்றாள். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. கைலாஷ் வந்தால் அந்த மூன்று குடத்திலிருந்து அவள் பங்கை ஊற்றிக்கொடுத்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அந்தச் சித்திரையில் என் முதலாளி வெள்ளகோவிலில் அவருடைய மச்சான் வாங்கிப்போட்ட மிஷின்களைத் தரையில் நிறுத்தி ஓட்டிக்கொடுக்க என்னை அனுப்பினார். காலையில் போய் மாலையில் திரும்புகிற வேலை என்றுதான் போனேன். தரை மட்டம் சரியில்லை, கரண்டும் பாதி நேரம் இல்லை. இரண்டு நாள் ஆகிவிட்டது. சாவி என் பையில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். இரண்டாம் நாள் மத்தியானம் நினைவு வந்தது. மூன்று குடம் வைத்திருக்கிறோமே, சிக்கனமாக இருந்தால் போதும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தேன்.

மூன்று குடம் முதல் நாள் மாலையே தீர்ந்துவிட்டது. கைலாஷின் அறையில் ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு. உன் அம்மா ஒன்றரைக் குடத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்காரம்மா உறவில் ஒரு கல்யாணச் சீருக்குப் போயிருந்தார். உன் அம்மா நினைத்திருந்தால் ஒரு சுத்தியலால் அந்தக் கொண்டியைத் தட்டி எடுத்திருக்கலாம். செய்யவில்லை. என் பூட்டை உடைக்கக் கூடாது என்று இருந்திருக்கிறாள். இரவு முழுக்கத் தண்ணீர் இல்லை. இரண்டு டிரம் தண்ணீருக்குப் பக்கத்தில், நிறைமாதத்தை நெருங்குகிற வயிற்றோடு, தாகமாகப் படுத்திருக்கிறாள். காலையில் போய் கைலாஷ் கதவைத் தட்டியிருக்கிறாள். அவர்கள் உடம்பு சரியில்லாதவனுக்காகக் காசு கொடுத்து வாங்கிய கேனை முக்கால்வாசித் தண்ணீரோடு கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் நான் வந்தபோது அந்தக் கேன் அடுப்படியில் இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன், சொன்னாள், அழவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம். என் வீட்டுக்கு அடுத்தவன் தண்ணீர் கொடுப்பதா? நேரே போய்க் கைலாஷிடம் பணத்தை நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அக்கா குடுக்கறப்ப நான் காசு குடுத்தனுங்களா? உள்ள வெய்யுங்ணா."

அன்றைக்காவது பூட்டைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. சாவியை மட்டும் உன் அம்மாவிடம் கொடுத்தேன். அதையே பெரிய விட்டுக்கொடுத்தல் என்று நினைத்தேன். அவள் அதை வாங்கி ஜன்னல் மேல் வைத்தாள். அடுத்த வாரம் பிரசவத்துக்கு உன் தாத்தா வந்து அழைத்துப் போனார். சாவி ஜன்னல் மேலேயே இருந்தது.

தனியாக இருப்பதைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். என் கணக்குப்படி நான் தனியாக இருந்த மாதங்கள்தான் மிகச் சரியான மாதங்கள். மெஸ்ஸில் சாப்பாடு, வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு குடம்கூடச் செலவில்லை. இரண்டு டிரமும் எப்போதும் நிறைந்திருந்தன. யாரும் வாசலில் நிற்கவில்லை. கைலாஷ் என்னைப் பார்த்தால் "வேலைக்குங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான், குடத்தோடு வர மாட்டான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்து கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலை வரை என் குரலை நானே கேட்க மாட்டேன். நான் எதற்கெல்லாம் பயந்தேனோ அது எதுவும் நடக்கவில்லை, தண்ணீர் தீரவில்லை. அந்த வீட்டில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

நீ பிறந்து இரண்டாம் மாதம் ஒரு நாள் இரண்டாவது டிரம்மைத் திறந்தேன். முதல் டிரம்மே போதுமானதாக இருந்ததால் அதை வாரக்கணக்கில் திறக்கவே இல்லை. மூடியில் நான் போட்ட துளை வழியாகக் கொசு போயிருக்கிறது. தண்ணீர் முழுக்கப் புழு, நெளிந்து நெளிந்து மேலே வருகிறது. உன் அம்மா சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட கதையை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். வனாந்தரத்தில் அன்றாடம் விழுந்த உணவை நாளைக்கென்று பதுக்கியவர்களுக்கு அது புழுப் பிடித்துப் போனதாம். அதை நான் கேலி செய்திருக்கிறேன், பிரிஜ் இல்லாத காலம் என்று. டிரம்மைச் சாய்த்து, குடம் குடமாக மொண்டு சாக்கடையில் ஊற்றினேன். கைலாஷ் வெளியே உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய குடம் காலியாகப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. நான் நல்ல தண்ணீரைக் கெடவிட்டு ஊற்றுவதைக் கடைசிக் குடம் வரைக்கும் அவன் பார்த்தான். என் வாழ்க்கையில் இதைவிட வெட்கமான காலை இன்னொன்று இல்லை.

மூன்றாம் மாதம் உங்களை அழைத்துவர வேண்டியது. உன் தாத்தா போனில் சொன்னார், "அங்கன தண்ணி கஷ்டமாமே, பச்சப் பிள்ளைய வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறிய? இங்கயே இருக்கட்டும்." சரி என்றேன். ஐந்தாம் மாதமும் அதே பேச்சு. அப்புறம் உன் அம்மாவே போனை வாங்கினாள். ஒவ்வொரு தடவையும் அவள் கேட்கிற முதல் கேள்வி பக்கத்து அறை ஒரிசாப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான். நான் நல்லாயிருக்காங்க என்பேன். அன்றைக்கு மேலும் ஒன்று கேட்டாள்.

"தண்ணி குடுக்கியளா?"

நான் ஜன்னல் மேல் இருந்த சாவியைப் பார்த்தேன்.

"எனக்குத் தண்ணிக் கஷ்டம் ஒரு பயமும் இல்ல. பூட்டுன வீட்டுக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வரத்தான் பயமா இருக்கு," என்றாள். "ஒங்களுக்கு ஆண்டவர் மேல நம்பிக்கை வரும்போது வரட்டும். பக்கத்து வீட்டு மேலயாவது வரட்டுமே, மொதல்ல."

அன்றே கொண்டிகளைக் கழற்றி, துளைகளை அடைத்தேன். நான் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அடுத்து நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பாய். கொடுப்பது என்று முடிவெடுத்ததும் அதையும் ஷிப்டு போட்டுச் செய்தேன். எந்த அறைக்கு எத்தனை குடம், எந்தக் கிழமை என்று அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டினேன். வீட்டுக்காரம்மா படித்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "ஏனுங் தம்பி, ரேசன் கடை வெச்சுட்டீங்களா? கார்டு கொண்டாரோணுங்களா?" கைலாஷ் தன்னுடைய கிழமையில் வந்து, அட்டவணையைக் காட்டி, "நம்ம டர்ன் வந்துருச்சுங்ணா" என்றான். கிண்டல்தான். ஆனால் தண்ணீர் வாங்கிக்கொண்டு போனான். ஒரு மாதத்துக்கு மேல் இது ஓடியது. போனில் உன் அம்மாவிடம் சொன்னபோது "நல்லது" என்றாள், அவ்வளவுதான். வருகிறேன் என்று சொல்லவில்லை. எனக்குப் புரியவில்லை. கொடுக்கிறேனே, இன்னும் என்ன வேண்டும்?

போன வாரம் குழாய் வரவேண்டிய பத்தாம் நாள் தண்ணீர் வரவில்லை. எங்கோ பெரிய குழாய் உடைந்துவிட்டது என்றார்கள். பதினோராம் நாளும் இல்லை. கேன் வண்டிக்காரன் தெருவுக்குள் வரவே இல்லை. முனையிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது. எங்கள் லைனில் ஒவ்வொரு கதவாகக் குடத்தோடு வந்தார்கள். பின் வரிசையில் குடியிருக்கிற மதுரைப் பக்கத்துப் பெண், கையில் குழந்தை, உன் வயதுதான் இருக்கும். அவள் பெயர் என் அட்டவணையில் இல்லை. ஊற்றினேன். அடுத்து வந்தவருக்கும் ஊற்றினேன். அட்டவணை அது பாட்டுக்குக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று முன்தினம், வியாழக்கிழமை மாலை வேலை விட்டு வந்து டிரம்மில் குடத்தை விட்டால் அடியில் தகரச் சத்தம் போல ஒரு சத்தம். எனக்கு ஒரு செம்புகூட இல்லை.

உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். பாராட்டுவாள் என்ற எண்ணத்தில்தான், மறைக்க என்ன இருக்கிறது.

"எல்லாத்தையும் குடுத்தாச்சு. எனக்கே இல்லை."

"குடிக்க?"

"இல்லை."

"யார்ட்டயாவது கேட்டியளா?"

"கடையில சோடா வாங்கிக்கறேன்."

"சோடாவா?" பின்னணியில் உன் சத்தம் கேட்டது, கிளிபோல ஏதோ கத்தினாய். "குடுக்கதுக்குத் தெரியுதுல்லா ஒங்களுக்கு? அதே மாதிரி கேக்கவும் செய்யணும். போய்க் கேளுங்க. கேட்டுட்டுக் கூப்பிடுங்க."

ஒரு செம்பை எடுத்துக்கொண்டு கைலாஷ் கதவு முன்னால் நின்றேன். ஐந்தடி தூரம். அந்த ஐந்தடி எனக்குக் கஷ்டமாக இருந்தது, மகனே. கொடுக்கும்போதெல்லாம் நான் டிரம்முக்குப் பக்கத்தில் நிற்கிறவன். எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று தீர்மானிக்கிறவன். கொடுத்தபோதும் நான் என் டிரம்மைத்தான் நம்பினேன். உன் அம்மா அப்படியில்லை. அவள் கொடுத்துக் காலியாகி, காலியான கையோடு அடுத்த வீட்டுக்குப் போய் நிற்கத் தெரிந்தவள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அவள் சொன்னதற்கு இதுதான் அர்த்தம் என்று அந்தக் கதவு முன்னால்தான் எனக்கு உறைத்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு வரும் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. இன்னொருவன் மனதில் கொடுக்கிற எண்ணத்தை அவர் வைத்திருப்பார், அதை நம்பிக் கதவைத் தட்டு என்றுதான் வாழ்ந்து காட்டினாள்.

தட்டினேன். கைலாஷ் திறந்து, செம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணும்."

"அட்டவணைல இன்னைக்கு உங்க கெழமைங்களாண்ணா?"

உள்ளே இருந்த இருவருக்கும் ஒரியாவில் ஏதோ சொன்னான். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நம்ம கொடத்துக்குப் பூட்டு இல்லீங்ணா, வாங்க" என்று என் செம்பை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவர்களிடம் இருந்த இரண்டு குடத்தில் ஒன்றை அப்படியே தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்து வைத்தான். பாதிக்கு மேல் இருந்தது. நின்றபடியே குடித்தேன். இது கடவுள் செய்தது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. என் படிப்பில் இதற்குச் சோதனையும் கிடையாது. ஆனாலும் அப்படித்தான் சொல்கிறேன். சொல்லும்போது யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

உன்னிடம் கேட்டுக்கொள்வது இதுதான். என் மண்டை உனக்கும் வந்திருக்கும். எதையும் அளக்கிற மண்டை. அளப்பது தப்பில்லை, அதை வைத்துத்தான் சோறு தின்கிறோம். ஆனால் உன் வீட்டு வாசலில் ஒருவன் வந்து நிற்கும்போது அளக்காதே. உனக்கு இல்லாமல் போகும்போது ஓடி ஒளியாதே, போய்க் கேள். இரண்டாவதுதான் கஷ்டம். அது வரும்வரை முதலாவதும் முழுசாக வராது. இருபத்தொன்பது வயதுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீ படிக்கும்போது இதைவிட அதிகம் தெரிந்தவனாக நான் ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். அப்போது நான் பக்கத்தில் இருந்தால் நேரில் கேட்டுப் பார்.

அன்றைக்கே உன் அம்மாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். கைலாஷ் கேட்ட கேள்வியைச் சொன்னபோது அவள் சிரித்தாள். ஏழு மாதத்தில் போனில் அவள் சிரித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம காலைல வாரோம். திருச்செந்தூர் பஸ்ஸுல. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில்லுங்க," என்றாள்.

குழாயைச் சரிசெய்துவிட்டார்களாம், ஆனால் எங்கள் லைனுக்குச் செவ்வாய்க்கிழமைதான் முறை. கைலாஷ் கொடுத்ததில் இன்று மாலை கால் குடம் மிச்சம். உனக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும், பாட்டில் கொதிக்க வைக்க வேண்டும், குளிப்பாட்டவும் உப்புத் தண்ணீர் உன் தோலுக்கு ஆகுமா தெரியாது. இரண்டு நாள் தள்ளி வாருங்கள் என்று சொல்லிவிடலாம் என்று நேற்றிலிருந்து போனை எடுத்து எடுத்து வைக்கிறேன். எந்தக் கணக்குப் போட்டாலும் அதுதான் சரி.

சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை தண்ணீர் வருகிறது. நீ நாளைக்கு வா.